மிதவைகள் இட்ட குலவை

வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்ட வாருங்கள். கதவோரம் நிற்கிறவளும் உள்ளே வந்து உட்காரட்டும். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டே கேட்கலாம், அது தூங்கினாலும் பாதகமில்லை. இன்றைக்கு ஒரு கடல் கதை சொல்கிறேன். இது முடிந்துபோன காலத்துக் கதை இல்லை, இனிமேல் வரப்போகிற காலத்துக் கதை. ஆனாலும் கதை என்றால் நடந்தது போலத்தானே சொல்ல வேண்டும்? அப்படியே சொல்கிறேன். நடுவில் மனசு வலித்தால் பக்கத்தில் இருக்கிறவள் தோளில் சாய்ந்துகொள்ளுங்கள்.

மன்னார் வளைகுடாக் கரையில் ஓலைமுனை என்று ஓர் ஊர். ஊருக்கு எதிரே, கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில் சங்குமணல் தீவு. தீவைச் சுற்றிப் பவளப்பார், பவளம் வளர்ந்து வளர்ந்து திட்டாகிப்போன கடலடிப் பாறை. அந்தப் பாரை ஒட்டின பாறைகளில் கடற்பாசி வளரும். ஓலைமுனைப் பெண்கள் வள்ளம் ஏறிப் போய், மூச்சடக்கி முங்கி, அந்தப் பாசியைப் பறித்து வருவார்கள். புடவைக்கு மேலே ஆண்பிள்ளைச் சட்டை, கண்ணுக்கு நீர்க்கண்ணாடி, விரல்களில் துணிச்சுற்று, இடுப்பில் வலைப்பை. அதுதான் அவர்கள் பிழைப்பு.

முத்துராக்கு அந்தப் பெண்களில் ஒருத்தி. அவளுக்கு ஒரே மகள், நாகஜோதி. சின்ன வயதில் காதில் சீழ் பிடித்துச் செவிப்பறை கிழிந்துபோனதால் ஜோதிக்கு முங்க வராது. தலையைத் தண்ணீருக்குள் விட்டாலே கிறுகிறுத்துவிடும். முங்க முடியாத பெண்ணை வள்ளத்தில் காவலுக்கு உட்காரவைத்தார்கள். அது சும்மா குந்தியிருக்கிற வேலை என்று நினைத்துவிடாதீர்கள். முங்குகிறவளுக்குக் கண் முன்னால் இருக்கிற பாறைதான் தெரியும். சொறிக்கூட்டம், அதுதான் பட்ட இடத்தைச் சுட்டெரிக்கிற ஜெல்லிமீன் கூட்டம், மிதந்து வருவதும், நீரோட்டம் திசை மாறுவதும், விசைப்படகு குறுக்கே பாய்வதும் வள்ளத்தில் இருப்பவளுக்குத்தான் தெரியும். ஆபத்து என்று கண்டால் அவள் குலவை போடுவாள்.

கல்யாணத்துக்குப் போடுகிற, கோயில் கொடைக்குப் போடுகிற அதே குலவைதான். ஆனால் கடலில் அதைக் கேட்டால் உடனே மேலே வந்துவிட வேண்டும் என்பது ஓலைமுனைக் கட்டு. ஏன் என்று கேட்கக் கூடாது. கையில் இருக்கிற பாசியை விட்டுவிட வேண்டும். பை பாறையில் சிக்கினால் அறுத்துப் போட வேண்டும். வள்ளத்து விளிம்பைப் பிடித்த பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும். கரையில் முடியைப் பிடித்துச் சண்டை போட்டவர்கள்கூட, சண்டைக்காரி போட்ட குலவைக்கு எழும்பி வருவார்கள். பொய்க்குக் குலவை போட்டவள் என்று அந்த ஊரில் ஒருத்தி கிடையாது. பிள்ளைகள்கூட விளையாட்டுக்காகக் கடலில் நாக்கைச் சுழற்றாது.

ஜோதியின் குலவை தனி. தொடக்கத்தில் மெல்லிசாகக் கிளம்பும், பிறகு கம்பியை இழுத்துக் கட்டினாற்போல் விறைக்கும். காற்று எதிர்த்து அடித்தாலும் அறுந்துபோகாது. அவள் வள்ளத்தில் இருக்கிறாள் என்றால் பெண்கள் கொஞ்சம் தைரியமாகவே தூரம் போவார்கள்.

இப்போது பூங்காவுக்கு வருகிறேன். தீவையும் பாரையும் சேர்த்து அரசாங்கம் கடற்பூங்கா என்று வைத்திருந்தது. கடல் சூடாகிச் சூடாகிப் பவளமெல்லாம் வெளுத்துச் செத்துக்கொண்டிருந்த காலம் அது. மிச்சமிருந்ததைக் காப்பாற்றப் பூங்காக்காரர்கள் எல்லை போட்டார்கள். எல்லைக்குள் வந்த பெண்களின் பையைப் பிடுங்கினார்கள், கண்ணாடியை உடைத்தார்கள். பெண்களும் சும்மா இல்லை, ஒரு காவலாளியைத் தண்ணீரில் தள்ளிவிட்டார்கள். கை நீளுவதும் வழக்கு விழுவதும் வருஷா வருஷம் நடக்கும்.

இதையெல்லாம் வள்ளத்தில் உட்கார்ந்தபடி பார்த்து வளர்ந்தவள் ஜோதி. அந்தப் பூங்கா உடுப்பைப் போட்டவர்களில் ஒருத்தியாவது நம்ம ஊர்க்காரியாக இருந்தால் இந்தச் சண்டை ஓயுமே என்று அவளுக்கு ஓர் எண்ணம் விழுந்தது. பவளமும் வாழ வேண்டும், அம்மாவும் பாசி எடுக்க வேண்டும். இரண்டுக்கும் வழி இருக்கத்தான் வேண்டும், அது அந்தப் படிப்பில் இருக்கும் என்று நம்பினாள். கடற்பூங்காக் கல்லூரியில் மேலாண்மையும் பாதுகாப்பும் படிக்க விண்ணப்பம் போட்டாள். நேர்காணலுக்குப் போனவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. நடுவில் உட்கார்ந்திருந்த பேராசிரியைதான் சிரித்த முகமாக அவளைப் பேசவைத்தார். வள்ளத்தில் என்ன வேலை செய்வாய் என்று விசாரித்தார். ஆபத்து கண்டால் குலவை போடுவேன் என்றதும் போட்டுக் காட்டச் சொன்னார். அந்த அறையில் கண்ணாடி அதிர ஜோதி குலவை போட்டாள். எல்லோரும் கைதட்டினார்கள். இடம் கிடைத்துவிட்டது.

அந்தப் பேராசிரியை பெயர் உமையாள். கல்லூரியில் ஜோதிக்குத் தாய் பக்கத்தில் இல்லாத குறையைத் தீர்த்தவர் அவர்தான். காது வைத்தியத்துக்குத் தானே காரில் கூட்டிப்போவார். வீட்டிலிருந்து வரும் சோற்றில் பாதியை இவளுக்குத் தள்ளுவார். கடலைப் பற்றிப் பேசினால் அவர் குரல் தழுதழுக்கும். வெளுத்த பவளத்தின் படத்தைத் திரையில் காட்டும்போது ஒரு நாள் பாடத்தை நிறுத்திவிட்டு வெளியே போய்விட்டார்.

படிப்பு லேசாக இல்லை. கடற்புல் அளக்க வேண்டும், ஆவுளியா என்கிற கடற்பசுவை எண்ணிக்கை எடுக்க வேண்டும், வருகிறவர் போகிறவரால் கரை தேயாமல் பாதை போட வேண்டும், சட்டம் படிக்க வேண்டும். பூங்காவுக்குப் பத்தாண்டுத் திட்டம் எழுதப் பழக வேண்டும். ஒரு வகுப்பில் சங்குமணல் தீவின் வரைபடத்தைப் போட்டு, மனிதத் தொந்தரவு என்று தலைப்பிட்டுச் சிவப்புப் புள்ளிகளாகக் காட்டினார்கள். அதில் ஒரு புள்ளி தன் அம்மா என்று ஜோதிக்குத் தெரியும். கையைத் தூக்கிச் சொல்லவும் செய்தாள். வகுப்பு சிரித்தது. உமையாள் மேடம் சிரிக்கவில்லை. பாடம் முடிந்ததும் அவளைத் தன் அறைக்குக் கூட்டிப்போய், அந்தப் புள்ளிகளின் நிறத்தை மாற்றுவதுதான் உன் கடைசி வருஷ வேலை என்றார்.

“கடல்ல மிதவை போடப் போறோம் ஜோதிம்மா. அதுக்குள்ள காதும் இருக்கு, வாயும் இருக்கு. சொறி எங்க கூடுது, ஓட்டம் எங்க திரும்புது, எல்லாம் நம்ம கண்ணுக்குத் தெரியறதுக்கு முன்னாடியே அதுக்குக் கேட்டுடும். முங்கியிருக்கிற பொண்ணோட இதயத் துடிப்புகூடக் கேக்கும்.”

“வாய் என்ன செய்யும் மேடம்?”

“எச்சரிக்கணும். சங்கு ஊதிப் பாத்தாச்சு, பூங்காப் படகுதான் வருதுன்னு நெனச்சு இன்னும் ஆழத்துக்குப் போயிடுறாங்க. உங்க ஊர்ல ஆபத்துன்னா எப்படிக் கூப்பிடுவீங்க?”

குலவை என்று ஜோதி சொன்னாள். தானே கண்டுபிடித்தது போல் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஒரு பருவம் முழுக்கப் பெண்கள் கண்ணாடி வாரில் பொத்தான் மாதிரி ஒன்றை மாட்டிக்கொண்டு முங்க வேண்டும், யார் குலவைக்கு யார் எப்படி எழும்புகிறார்கள் என்று மிதவை கற்றுக்கொள்ளும் என்றார் மேடம். பிடித்து வைத்த பாட்டைப் போல ஒரே சத்தத்தைத் திருப்பிப் போடுகிற காரியம் இல்லையாம் அது. “ஒவ்வொரு தடவையும் புதுசா மூச்சு வாங்கும். காத்து எதிர்த்தா காத்துக்குள்ள கத்துற மாதிரி கத்தும். ஆபத்து எவ்வளவோ அவ்வளவு நடுக்கம் வைக்கும். நீயே கேட்டாலும் நீ போட்டதுன்னுதான் சொல்வே” என்றார்.

ஊருக்கு வந்து ஜோதி இதைச் சொன்னபோது முத்துராக்கு பாசி உலர்த்திக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமலே கேட்டாள்.

“நம்ம சத்தத்த எதுக்குத்தா அடுத்தவுக கையில குடுக்கணும்?”

“அடுத்தவுக இல்லம்மா. நாளைக்கு அந்த மிதவைக்கு அதிகாரியே நாந்தான்.”

“நீ இருக்கவரைக்கும் சரி. உனக்கு மேல ஒருத்தர் இருப்பாருல்ல?”

ஜோதி அம்மாவின் தலையில் கை வைத்தாள். உயிருக்கு ஆபத்து என்றால் தவிர அந்த மிதவை வாயைத் திறக்காது என்று சத்தியம் பண்ணினாள். அடுத்த வாரம் உமையாள் மேடமே ஓலைமுனைக்கு வந்து, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கருவாட்டுக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டு, அதே வாக்கைக் கொடுத்தார். இத்தனை பெரிய படிப்பாளி நம் வீட்டுத் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டாளே என்று பெண்கள் இளகிவிட்டார்கள். ஒவ்வொருத்தியாகப் பொத்தானை மாட்டிக்கொண்டார்கள். ஒவ்வொருத்தியாக மிதவையின் முன்னால் குலவை போட்டார்கள். ஜோதியின் ஒன்றுவிட்ட அண்ணன் பெண்டாட்டி பேச்சிதான் சும்மா இராமல், “ஏ பொட்டி, எங்க மாமியா கொரல மட்டும் கத்துக்கிடாத, வீட்டுல கேக்குறது பத்தாதுன்னு கடல்லயுமா” என்று மிதவையைத் தட்டிச் சொல்லிச் சிரிக்கவைத்தாள்.

மிதவை வேலை செய்தது, கண்ணுகளா. அதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய்க்காரி. முதல் மழைக்கு முன்னால் ஒரு காலையில் சொறிக்கூட்டம் பாருக்கு அடியில் ஒளிந்து வந்தது. வள்ளத்தில் இருந்தவள் பார்க்கவில்லை. மிதவை பார்த்தது. ஜோதியின் குரலில் குலவை போட்டது, அவளோ அப்போது கல்லூரியில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். எல்லோரும் எழும்பி வள்ளத்தைப் பிடித்த பிறகு, கீழே கண்ணாடித் தட்டுகளைப் போல அவை கடந்துபோவதைப் பார்த்தார்கள். அன்றைக்கு ஓலைமுனை முழுக்க ஜோதி பேச்சுதான். முத்துராக்கு மாரியம்மன் கோயிலில் மகள் பெயரில் பொங்கல் வைத்தாள்.

ஜோதி முதல் வகுப்பில் தேறினாள். சங்குமணல் பூங்காவுக்கே துணை மேலாளர் என்று வேலை உத்தரவும் தயாராகிக்கொண்டிருந்தது. அந்தச் சமயத்தில்தான் தலைநகரத்திலிருந்து அதிகாரிகள் மிதவையைப் பார்க்க வந்தார்கள். கட்டுப்பாட்டு அறையில் பெரிய திரை. கடல் நீலமாக, எல்லைக்குள் முங்கியிருந்த பெண்கள் பச்சைப் புள்ளிகளாக. இவளைத் தன் மாணவி என்று மேடம் தோளில் கை போட்டு அறிமுகப்படுத்தினார். ஜோதி திரையில் அம்மாவின் புள்ளியைத் தேடிக் கண்டுபிடித்து, தனக்குள் சிரித்துக்கொண்டாள்.

எல்லையைக் காக்க எத்தனை காவலர் வேண்டும் என்று ஓர் அதிகாரி கேட்டார். ஒருவரும் வேண்டாம் என்றார் மேடம். மேசையில் இருந்த விசையில் விரலை வைத்தார்.

அறைக்குள் ஜோதியின் குலவை கேட்டது.

மெல்லிசாகக் கிளம்பி விறைத்தது. நடுவில் ஒரு நடுக்கம் வேறு. ஜோதி திரையில் ஆபத்தைத் தேடினாள். சொறி இல்லை. ஓட்டம் சாந்தமாக இருந்தது. படகு எதுவும் இல்லை. கண்ணாடி மாதிரிக் கிடந்த கடலில் பச்சைப் புள்ளிகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன, வள்ளத்தில் ஒட்டிக்கொண்டன, வள்ளம் கரைக்குத் திரும்பியது. அம்மாவின் புள்ளிதான் எல்லோருக்கும் முந்தி எழும்பியது.

அதிகாரிகள் கைதட்டினார்கள். அந்தப் பெண்களுக்குச் சந்தேகம் வராதா என்று ஒருவர் கேட்டார். வராது, ஏதோ ஆபத்திலிருந்து தப்பினோம் என்றுதான் நினைத்துக்கொள்வார்கள் என்று மேடம் பதில் சொன்னார். ஒரு வாரமாகவே செய்து பார்த்தாகிவிட்டது என்றும், பெண்கள் தாங்களாகவே அந்தப் பக்கம் கடல் சரியில்லை என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள் என்றும் சொன்னார்.

அவர்கள் காபி குடிக்கப் போன பிறகு ஜோதி கேட்டாள்.

“வாக்குக் குடுத்தீங்களே மேடம். உயிருக்கு ஆபத்துன்னா மட்டும்னு.”

“உயிருக்கு ஆபத்துதாம்மா. பாருக்கும் உயிர் இருக்கில்ல?” உமையாள் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்தார். “யோசிச்சுப் பாரு. பையைப் பிடுங்கல, அடிக்கல, கேஸ் போடல. உங்கம்மா மேல ஒரு கீறல் விழாம வீட்டுக்குப் போயாச்சு. இப்படி ஒரு பூங்கா உலகத்துல எங்கேயும் கிடையாது. இதை நீதான் செஞ்சே.”

“நான் இதைச் செய்யல. ஊருக்குப் போய்ச் சொல்லிடுவேன்.”

“சொல்லு. நான் தடுக்க மாட்டேன்.” அவர் குரல் அப்போதும் அன்பாகவே இருந்தது. “ஆனா சொல்லிட்டா, நாளைக்கு நெசமாவே சொறி வரும்போது ஒருத்தியும் எழும்ப மாட்டா. அதையும் யோசிச்சுக்கோ.”

பாருங்கள், எப்படிக் கட்டிப்போட்டுவிட்டார். சொல்லாவிட்டால் துரோகம், சொன்னால் உயிர்ப்பயம். ஊருக்குப் போகிற பேருந்தில் ஜோதி இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். வீட்டுக்குள் நுழைந்தபோது முத்துராக்கு மீன் அலசிக்கொண்டிருந்தாள். மகளைக் கண்டதும் முகம் மலர்ந்துபோயிற்று.

“வா ஆத்தா. இந்த வாரம் எத்தன தடவ உஞ்சத்தம் எங்களக் காப்பாத்துச்சு தெரியுமா? என்ன வந்துச்சுன்னே கண்ணுக்குத் தெரியல. ஆனா கூப்பிட்டது நீயாச்சே, வந்துட்டோம்.”

அதைக் கேட்ட பிறகு சொல்லாமல் இருக்க ஜோதியால் முடியவில்லை. நின்ற நிலையில் எல்லாவற்றையும் சொன்னாள். முத்துராக்கு அலசின மீனையே திரும்பத் திரும்ப அலசினாள்.

“அப்ப நான் எழும்புனது ஒரு பொட்டிக்கா?”

முத்துராக்கு மீனைச் சட்டியில் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

“எந்தலையில கை வச்சது யாரு? அந்த மேடமா?”

“நாந்தாம்மா.”

அதற்கு மேல் முத்துராக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. மகளுக்குச் சோறு போட்டாள், பாய் விரித்தாள். திட்டியிருந்தால் ஜோதி தேறியிருப்பாள்.

மறுநாள் விஷயம் தெரிந்து ஊர்ப்பெண்கள் கூடிப் பேசினார்கள். பொத்தான்களைக் கழற்றிக் கடலில் எறிந்தார்கள். மிதவையை உடைக்கப் போனால் சிறை என்று தெரிந்ததால் உடைக்கவில்லை. இனிமேல் கடலில் எந்தக் குலவைக்கும் எழும்புவதில்லை, கண்ணால் பார்த்தால்தான் எழும்புவது என்று முடிவு செய்தார்கள். காலம் காலமாக இருந்த கட்டு ஒரே பொழுதில் அவிழ்ந்துபோயிற்று. ஜோதியின் முகத்தைப் பார்த்துப் பேசியவள் பேச்சி ஒருத்திதான். அதுவும் குத்தலாக.

“இப்பப் பேசுறது நீதானா ஜோதி, இல்ல வேற எங்கயாச்சும் ஒரு மிதவ பேசுதா?”

“நாந்தான் மதினி.”

“அதுவும் இப்படித்தான சொல்லும்.”

அந்த வாரத்தில் ஒரு நாள் வள்ளத்தில் காவலுக்கு ஆள் கிடைக்கவில்லை. ஜோதி கேட்காமலே போய் ஏறிக்கொண்டாள். இறங்கு என்று யாரும் சொல்லவில்லை, இடம் விட்டுத் தள்ளி உட்காரவும் இல்லை. தீவின் கிழக்கே போய்ப் பெண்கள் முங்கினார்கள். முங்கின சற்று நேரத்துக்கெல்லாம் மிதவை குலவை போட்டது. ஜோதியின் குரல். ஜோதி வாயை மூடிக்கொண்டு தன் குரலைக் கேட்டாள். தலை நிமிர்த்தி மூச்சு வாங்க வந்த பேச்சி, மிதவையைப் பார்த்துப் பழிப்புக் காட்டிவிட்டு மறுபடி முங்கினாள்.

வெயில் ஏறின பிறகு ஜோதி அதைப் பார்த்தாள். தண்ணீருக்கடியில் பாலாடை மிதப்பது போல வெண்மையாக ஒரு பரப்பு, பெண்கள் இருந்த பக்கமாக நகர்ந்து வந்தது. சொறி. அவள் எழுந்து நின்று, இருக்கிற உயிரையெல்லாம் நாக்குக்குக் கொண்டுவந்து குலவை போட்டாள்.

யாரும் எழும்பவில்லை.

மறுபடி போட்டாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அம்மா என்று கத்தினாள். மூச்சுக்காக மேலே வந்த தலைகள் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கீழே போயின. வள்ளத்துச் சத்தமெல்லாம் கேட்டே கிடந்ததால், அவள் பெயர் சொல்லிக் கூப்பிடுவதையும் மிதவை கற்றிருந்தது, அம்மா என்று கத்துவதையும் கற்றிருந்தது.

முங்க முடியாத பெண் கடலில் குதித்தாள். காதுக்குள் தண்ணீர் பாய்ந்ததும் மேல் எது கீழ் எது என்று தெரியவில்லை. கையைத் துழாவினாள், கிடைத்தது ஒரு கால். பிடித்து இழுத்தாள். தொட்ட உடனே அந்தக் கால் உதறிக்கொண்டு மேலே வந்தது. முத்துராக்கு. மகள் முகத்தைக் கண்ணாடி வழியாகப் பார்த்த மாத்திரத்தில் அவளுக்குப் புரிந்துவிட்டது. இரண்டு பேருமாகக் கையில் அகப்பட்டவர்களையெல்லாம் பிடித்து இழுத்து வள்ளத்தில் ஏற்றினார்கள். பேச்சி மட்டும் தூரத்தில் இருந்தாள். கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்ததால் அதைக் கழற்றி நெற்றியில் ஏற்றியிருந்தாள். அவளை வள்ளத்தில் தூக்கிப் போட்டபோது அவள் முகம் முழுக்கச் சூடு இழுத்தது போலக் கோடு கோடாக எரிந்திருந்தது.

உயிர் பிழைத்தாள். வலது கண் போய்விட்டது.

உமையாள் மேடம் ஆஸ்பத்திரிக்குப் பழக்கூடையோடு வந்தார். ஜோதி வாசலிலேயே மறித்தாள். மிதவையை நிறுத்துங்கள், இல்லை என் குரலையாவது அதிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று கேட்டாள். கெஞ்சினாள் என்றே சொல்லலாம். ஒரு குரலைத் தனியாகப் பிரித்து எடுக்க முடியாது, பாலில் கலந்த தண்ணீர் போல எல்லாம் கலந்துவிட்டது என்றார் மேடம். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. அந்தக் கண்ணீர் நிஜமா என்று ஜோதிக்குத் தீர்மானிக்க முடியவில்லை.

“மேடம், ஒண்ணு மட்டும் சொல்லுங்க. உங்க ஊர்ல ஆபத்துன்னா எப்படிக் கூப்பிடுவீங்கன்னு என்னைக் கேட்டீங்களே. நேர்காணல்லயே நான் குலவை போட்டதை நீங்க கேட்டவங்கதானே?”

உமையாள் பழக்கூடையைக் கை மாற்றிக்கொண்டார்.

“அந்த வருஷம் உன்னைவிட அதிகமா மார்க் வாங்கினவங்க நிறையப் பேர் இருந்தாங்க ஜோதிம்மா. பாரைக் காப்பாத்த எனக்கு வேற வழி தெரியல.”

அவ்வளவுதான். காது வைத்தியம், பாதிச் சோறு, தோளில் போட்ட கை, முதல் வகுப்பு எல்லாமே அந்த ஒரு சத்தத்துக்குப் போட்ட தூண்டிலா, இல்லை அதில் கொஞ்சமாவது பாசம் இருந்ததா என்று ஜோதி அதற்குப் பிறகு எத்தனையோ நாள் நினைத்துப் பார்த்தாள். கொஞ்சம் பாசம் இருந்திருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன். அதுதான் இன்னும் கொடுமை. வேலை உத்தரவு வந்தபோது ஜோதி அதைத் திருப்பி அனுப்பிவிட்டாள். வேறு யாரோ துணை மேலாளர் ஆனார். பார் மெல்ல மெல்லத் தேறி வருவதாகப் பேப்பரில் வந்தது. அதுவும் உண்மைதான், பொய்யில்லை.

பாசி எடுக்காமல் பெண்களால் இருக்க முடியுமா? மிதவைகளின் சத்தம் எட்டாத வெளிக்கடலுக்குப் போக ஆரம்பித்தார்கள். அங்கே ஆழம் கூடுதல், ஓட்டமும் மூர்க்கம். குலவையும் இல்லாமல் அங்கே முங்குவது எப்படி? வழி சொன்னவள் பேச்சி. ஒற்றைக்கண்ணும் தழும்புமாக அவள் வள்ளத்தில் வந்து உட்கார்ந்து, ஆளுக்கொரு கயிறு எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்ளச் சொன்னாள்.

“அன்னிக்கு ஜோதி தொட்டதுக்குத்தான எல்லாரும் எழும்புனீக? காதுல விழுறத எவனும் செஞ்சு காட்டிருவான். கயித்தப் பிடிச்சு இழுக்கிறதுக்குக் கை வேணும். ஒரு முனைய இடுப்புல கட்டுங்க, மறுமுனைய நீங்க நம்புறவ கையில குடுங்க. இழுத்தா வாங்க.”

பிறகு, எல்லோரும் கேட்கும்படி, “ஜோதிக்குக் கை ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. காதுதான் ஓட்ட” என்றாள். சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் இறுக்கம் தளர்ந்தது. ஒருத்தி யோசித்து யோசித்துத் தன் கயிற்றை ஜோதியின் கையில் கொடுத்தாள். அதைப் பார்த்து இன்னொருத்தி. கொடுக்காதவர்கள் பேச்சியிடம் கொடுத்தார்கள்.

கடைசியாக முத்துராக்கு எழுந்தாள். இடுப்பில் கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டாள். மறுமுனையோடு வள்ளத்தின் நடுவில் கொஞ்ச நேரம் நின்றாள். ஜோதி கையை நீட்டவில்லை, நீட்டுகிற உரிமை தனக்கு இருக்கிறதா என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். முத்துராக்கு மகளைத் தாண்டிப் போனாள். பேச்சியிடமும் போகவில்லை. வள்ளத்தின் குறுக்குக் கட்டையில் கயிற்றைக் கட்டினாள், இழுத்துப் பார்த்தாள், கண்ணாடியை மாட்டிக்கொண்டு குதித்தாள்.

கட்டை எங்கே இழுக்கப்போகிறது? ஆபத்து வந்தால் அந்தக் கயிறு அவளைக் கூப்பிடாது. அது முத்துராக்குக்குத் தெரியாதா? தெரிந்துதான் கட்டினாள்.

கயிறு விளிம்பின் மேல் உரசி உரசிக் கடலுக்குள் இறங்கியது. பேச்சி தன் நல்ல கண்ணால் அதைப் பார்த்தாள், ஜோதியைப் பார்த்தாள், பிறகு வேண்டுமென்றே மறுபக்கம் திரும்பிக்கொண்டாள். ஜோதி மற்றவர்கள் கொடுத்த கயிறுகளை இடது கைக்கு மாற்றினாள். வலது கையை, கட்டைக்கும் விளிம்புக்கும் நடுவில், அம்மாவின் கயிற்றின் மேல் வைத்தாள். முதலில் தொட்டுக்கொண்டு மட்டும் இருந்தாள். பிறகு விரல்களை மூடினாள்.

மரத்தில் கட்டின கயிறு வெட்டி வெட்டி இழுக்கும், கையில் இருக்கிற கயிறு இணங்கிக் கொடுக்கும். வாழ்நாள் முழுக்கத் தண்ணீரில் கிடந்த முத்துராக்குக்கு அந்த வித்தியாசம் இடுப்பிலேயே தெரிந்திருக்கும். கீழே அவள் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றதை ஜோதி கயிற்றில் உணர்ந்தாள். மேலே வந்து, விடு என்று சொல்வாள் என்று பயந்தாள்.

தலை மேலே வந்தது. மூச்சு வாங்கினாள். மகள் கையில் கயிறு இருப்பதைக் கண்ணாடிக்குள்ளிருந்து பார்த்தாள். மறுபடி முங்கினாள்.

அன்றைக்கு முழுக்க ஜோதி அந்தக் கையை எடுக்கவில்லை. மறுநாளும் முத்துராக்கு கட்டையில்தான் கட்டினாள். அதற்கு மறுநாளும்.

அவ்வளவுதான் கண்ணுகளா கதை. பிள்ளை தூங்கிவிட்டதா? மெல்லத் தூக்கிக்கொண்டு போங்கள். உங்கள் வீட்டில் அடுப்பு அணையாமல் இருக்கட்டும். உங்கள் வாசலில் கேட்கிற குரல் உங்கள் மனிதர் குரலாகவே இருக்கட்டும். உங்கள் பிள்ளைகள் படித்து எந்த உயரத்துக்குப் போனாலும், அவர்கள் தலையை வருடுகிற கை வேறு கணக்கு எதுவும் இல்லாத கையாக இருக்கட்டும். கோபம் வந்து பேச்சு நின்றுபோன நாளில்கூட, உங்கள் கயிற்றின் மேல் ஒரு கை இருக்கட்டும். நல்லா இருங்கள்.